எடுக்கப்படாத மூன்று அழைப்புகள்



சென்ற வாரம் தியானம் வெளிவரவில்லை. ஏன் என்று உங்களில் சிலர் விசாரித்து எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் உடல்நலக் குறைவு என்று அவர்களுக்குப் பதில் அனுப்பினேன். அது உண்மையல்ல. என் உடல் நன்றாகவே இருந்தது. பொய் சொன்னதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உண்மையான காரணத்தை இங்கே எழுதுகிறேன். நான் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒரே வரியில் சொன்னால் உங்களில் மூத்தவர்கள் சிரிக்கக்கூடும். ஐம்பத்து மூன்று வயதில் குருவானவருக்கு என்ன விளையாட்டு என்று கேட்கக்கூடும். இளையவர்கள் சிரிக்கமாட்டார்கள், அவர்களுக்குத் தெரியும். ஆகவே மூத்தவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் நம் சேகரத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றாம் நாள் இடைவேளையில் பிள்ளைகள் எல்லாரும் பதநீருக்காக வேப்பமரத்தடியில் வரிசையில் நின்றார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் வரவில்லை. பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவதற்காக நாம் வைத்திருக்கும் மடிக்கணினியின் முன்னால் தனியே உட்கார்ந்திருந்தான். ஆசிரியை ஒருவர் அவனைக் காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"துப்பாக்கி விளையாட்டு விளையாடுதான் ஐயா, அதுவும் கோயில் கம்ப்யூட்டர்ல" என்றார்.

"என்னடே விளையாடின?"

"முட்டை ஐயா."

"முட்டையா?"

"ஆமா ஐயா. முட்டை முட்டையச் சுடும். ஆளெல்லாம் கெடையாது. ரத்தமும் வராது. மஞ்சக்கருதான் வரும்."

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். கண்டிப்பாக இருக்கவேண்டிய இடத்தில் நான் அவனைப் பார்த்து, "எங்கே, காட்டு" என்றேன். அவன் காட்டினான். கால்கள் இல்லாத முட்டை ஒன்று துப்பாக்கியோடு படிக்கட்டுகளிலும் மதில்களிலும் ஓடியது. எதிரே இன்னொரு முட்டை வந்தது. இவன் சுட்டான். ஓடு சிதறி மஞ்சள் கரு தெறித்தது. அடுத்த கணம் எங்கிருந்தோ யாரோ இவனைச் சுட்டார்கள். "செத்துட்டியே" என்றேன். "பரவாயில்ல ஐயா, ரீஸ்பான் ஆயிரும்" என்றான். அவன் சொன்னபடியே, சில விநாடிகளில் அவனுடைய முட்டை கீறல் ஒன்றும் இல்லாமல் வேறோர் இடத்தில் எழுந்து நின்றது.

அந்த விளையாட்டின் பெயர் ஷெல் ஷாக்கர்ஸ். கனடா நாட்டின் புளூ விசார்ட் டிஜிட்டல் என்னும் நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜேசன் கபால்கா அதற்கு முன்பே பாப்கேப் என்னும் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். பேருந்தில் போகும்போது கைபேசியில் வண்ணக் கற்களை மும்மூன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோமே, அந்த வகை ஆட்டத்தை உலகெங்கும் பரப்பிய பிஜுவல்ட் பாப்கேப்பிலிருந்து வந்ததுதான். ஆகவே, துப்பாக்கி விளையாட்டு பிள்ளைகளின் வியாதி, கற்களை அடுக்குவது நமக்கு வெறும் பொழுதுபோக்கு என்று நாம் பிரித்துக்கொள்வதற்கு அதிக இடமில்லை.

இதற்கு எதையும் பதிவிறக்க வேண்டாம் என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடைப்பட்டது. அந்தத் தடைகள் நாட்டின் பாதுகாப்பைக் கருதி வந்தவை. பிள்ளைகளின் உறக்கத்தைக் கருதி வந்தவை அல்ல. செயலி என்றால் கைபேசியைத் திறந்து பார்த்து நீக்கிவிடலாம். இது குரோம் போன்ற உலாவியில் திறக்கிற ஒரு பக்கம். அதை மூடிவிட்டால், தேடிப் பார்க்காதவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பெரிய கணினியும் தேவையில்லை. நம்முடைய மடிக்கணினி, அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த வகையைச் சேர்ந்தது. நம் வாலிபர் ஒருவர் படித்து வேலைக்குப் போனபின் சபைக்குத் தந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாட்டுகளுக்குள் மூச்சு வாங்கும் அந்தக் கணினியிலேயே முட்டைகள் தாராளமாக ஓடுகின்றன.

பையனுக்குப் புத்தி சொல்லி அனுப்பினேன். நேரத்தின் அருமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியதாக நினைவு. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு போனான்.

அன்று இரவு குருமனையில் அந்தப் பக்கத்தை நான் திறந்தேன். பிள்ளைகள் எதில் மூழ்குகிறார்கள் என்று மேய்ப்பன் அறிந்திருக்க வேண்டாமா என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். என் துணைவியாரிடமும் அதையே சொன்னேன். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் படுக்கப் போய்விட்டார்கள். விளையாட்டில் நமக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். 'பனை' என்று வைத்தேன். 'போதகர்' என்று வைக்க மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போதே நான் சற்று யோசித்திருக்கலாம்.

முதல் இரவு பத்து நிமிடம். நான் திரும்புமுன்பே என்னை யாராவது சுட்டுவிட்டார்கள். இரண்டாம் வாரத்தில் படிக்கட்டின் பின்னால் ஒளிந்திருக்கக் கற்றுக்கொண்டேன். எதிரி குண்டு நிரப்பும் நேரத்தை எண்ணக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் வாரத்தில் வலது கை ஆள்காட்டி விரல் வலித்தது. நாசரேத்துக்கு 1876-இல் வந்து 1908 வரை உழைத்த கனோன் ஆர்தர் மர்காஷிஸ் ஐயர் பஞ்ச காலத்தில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து, அவர்கள் கையால் பிழைக்கவேண்டும் என்று தொழிற்பள்ளி தொடங்கினார். அந்த ஊரில், ஒரு குருவின் கை ஒரு வேலையும் செய்யாமல் வலித்தது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பதில்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அது மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. விளையாட்டில் இன்பமே இல்லை, பிசாசின் கண்ணி மட்டுமே இருக்கிறது என்று பிரசங்கித்தால் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கும். சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு மின்விசிறி வாங்கும் காரியம் மூன்று மாதம் நடக்கும். இங்கே சுட்டால் முட்டை உடைகிறது, காரியம் முடிந்தது. சபையில் நான் வாய் திறந்தால் ஐயா சொல்லிவிட்டார் என்பார்கள், அல்லது ஐயா அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார் என்பார்கள். அங்கே நான் யாருக்கும் ஐயா அல்ல. எந்த நாட்டுப் பிள்ளையோ என்னை முதுகில் சுட்டுவிட்டுத் தன் வழியே போகிறது. இருபத்தாறு வருடம் ஊழியம் செய்தவனுக்கு அது எத்தனை இளைப்பாறுதல் என்று உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு காரியத்தை மட்டும் வெகுநாள் கவனிக்காமல் இருந்தேன். இந்த ஆட்டத்துக்கு மணி அடிப்பதில்லை. ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இத்தகைய சுடும் விளையாட்டுகளின் தாத்தா. அது காசு போட்டு ஆடும் இயந்திரம். ஒரு நாணயத்துக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. கையில் வேறு நாணயம் இல்லாத பையன் வீட்டுக்குப் போவான். கடைக்காரருக்கு வேண்டியது நாணயம், ஆகவே சாவு சீக்கிரம் வரவேண்டும் என்பது அதன் கணக்கு. இப்போது நாணயம் கேட்பதில்லை. விளம்பரம் பார்க்கும் நம் நேரமே வருமானம் என்றபின், நம்மை வெளியே அனுப்பி யாருக்கு என்ன இலாபம்? ஆகவே உயிர் இலவசம். எத்தனை முறை செத்தாலும் உடனே எழுப்பிவிடுகிறார்கள். நான் ஆடிய ஆட்டத்தில் நான் நுழையுமுன்பே சுட்டுக்கொண்டிருந்தார்கள்; நான் போனபின்பும் சுட்டுக்கொண்டிருப்பார்கள். முடிவு என்று ஒன்று அதற்குள் இல்லை. எழுந்து போகவேண்டியவன் நான்தான்.

அதிகாலையில் முதல் மணி, ஆராதனைக்கு இரண்டாம் மணி, மரித்தவருக்குத் துக்க மணி என்று மணியை வைத்தே நாளை அளந்து வளர்ந்தவர்கள் நாம். எனக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நம் சபையில் ஒரு பெரியவர் ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார். இராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவருடைய துணைவியார் அனுமதி கொடுத்ததால்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். குருமனையிலிருந்து அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. அன்று இரவு பிரசங்கக் குறிப்பைப் பாதியில் வைத்துவிட்டு, கால்மணி நேரம் என்று உட்கார்ந்தேன். கைபேசியின் ஒலியை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். அதுவும் அந்த மூன்று வாரத்தில் வந்த பழக்கம். ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்தால் கவனம் கலைந்து செத்துப்போகிறேன் என்பதற்காக.

பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கைபேசியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரே எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள். 10.52, 11.05, 11.20.

ஓடினேன். வீட்டு வாசலில் விளக்கெரிந்தது. நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொன்றே முக்காலுக்கு அவர் மரித்துவிட்டார். நினைவு தெளிவாகவே இருந்ததாம். ஐயாவைக் கூப்பிடு, திருவிருந்து வாங்கவேண்டும் என்று பத்தரை மணிக்குக் கேட்டிருக்கிறார்.

அந்தத் தாயார் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "ஐயா தூங்கியிருப்பீங்கன்னு நெனச்சோம். காலைல ஆராதனை இருக்கே, எழுப்பப்படாதுன்னு அதுக்கு மேல போடல" என்றார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த சாக்கை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஜெபித்தேன். மறுநாள் மாலை அடக்க ஆராதனையில் அவருடைய விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன். நல்ல பிரசங்கம் என்று இரண்டு பேர் கையைப் பிடித்துச் சொன்னார்கள்.

அதன்பின் விளையாட்டை நிறுத்தியிருப்பேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. அந்த வாரம்தான் மிக அதிகமாக விளையாடினேன். திங்கள் இரவு இரண்டு மணி வரைக்கும், புதன் இரவு அதற்கு மேலும். கண்ணை மூடினால் அந்த மூன்று எண்கள் வந்தன. முட்டையை ஓட்டிக்கொண்டிருந்தால் வரவில்லை. அங்கே என்னை ஐயா என்று யாரும் கூப்பிடவில்லை, ஐயா தூங்கியிருப்பீர்கள் என்று யாரும் எனக்காகச் சாக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை தியானம் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியும் வரவில்லை. பக்கத்தைத் திறந்தேன். அப்படித்தான் சென்ற வாரம் உங்களுக்குத் தியானம் இல்லாமற்போயிற்று.

உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாட்டை இழத்தல், மற்றெல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், கேடு விளைந்தபின்பும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள்; பெரும்பாலும் ஓராண்டு காலம் நீடித்திருந்தால்தான் அந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி இருந்தால் திட்டுவதை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். என் காரியம் சில வாரக் காரியம். நோய் என்ற பெயருக்குள் நான் ஒளிந்துகொள்ள முடியாது. சட்டத்துக்குள்ளும் முடியாது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வந்த ஒழுங்குமுறை நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை விளையாட்டுத் தளங்களுக்குள் நுழையக் கூடாது என்றது. ஆனால் அது பணம் வைத்து ஆடுகிறவர்களுக்கு. முட்டைகளைப் பற்றி எந்த அரசாங்கமும் கவலைப்படவில்லை. கவலைப்பட வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலைக் குடும்ப ஜெபத்தில் வாசிப்பு முறைப்படி வந்தது இரண்டாம் சாமுவேல் இரண்டாம் அதிகாரம். வாசித்தவர் என் துணைவியார். நான் அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். கிபியோனின் குளத்தருகே இரண்டு படைகள். குளத்துக்கு இந்தப்பக்கம் யோவாபின் ஆட்கள், அந்தப்பக்கம் அப்னேரின் ஆட்கள். இன்னும் சண்டை தொடங்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது அப்னேர், இளைஞர்கள் எழுந்து நமக்கு முன்பாக விளையாடட்டும் என்று யோசனை சொல்கிறான். எபிரெய மூலத்தில் அங்கே வருவது சிரித்தல், விளையாடுதல் என்று பொருள்படும் வினைச்சொல். யோவாப் சம்மதிக்கிறான். இந்தப்பக்கம் பன்னிரண்டு பேர், அந்தப்பக்கம் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவனும் தன் எதிராளியின் தலையைப் பிடித்து விலாவில் குத்துகிறான். இருபத்துநான்கு பேரும் ஒன்றாக விழுகிறார்கள். அவர்களில் ஒருவன் பெயரும் எழுதப்படவில்லை.

பலமுறை வாசித்த பகுதிதான். அப்னேரும் யோவாபும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள் என்பது அன்றுதான் என் காதில் விழுந்தது. அவர்களுக்கு அது காட்சி.

அந்த அதிகாரம் அதோடு முடிவதில்லை. யோவாபின் தம்பி ஆசகேல் மான் போல ஓடக்கூடியவன். வலது இடது பாராமல் அப்னேரைத் துரத்துகிறான். விலகிப் போ என்று அப்னேர் இரண்டு முறை சொல்லிப் பார்க்கிறான். ஆசகேல் கேட்கவில்லை. அப்னேர் ஈட்டியின் பின்முனையால் குத்த, அங்கேயே விழுந்து சாகிறான். அவன் விழுந்த இடத்துக்கு வந்த ஒவ்வொருவனும் நின்றுவிட்டான் என்று திருமறை சொல்கிறது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது தாவீதின் ஆட்களில் ஆசகேலைத் தவிரப் பத்தொன்பது பேர் இல்லை. அப்னேரின் பக்கத்தில் முந்நூற்றறுபது பேர். பட்டயம் எந்நாளும் தின்றுகொண்டே இருக்குமா என்ற கருத்தில் யோவாபை நோக்கிக் குரல் எழுப்புகிறவன் யார் தெரியுமா? காலையில் விளையாடட்டும் என்றவனேதான்.

நான் விளையாடியதில் ஒருவரும் சாகவில்லை, அதை அறிவேன். இருபத்துநான்கு பேர் விழுந்த குளக்கரையும் மஞ்சள் கரு தெறித்த திரையும் ஒன்றல்ல. துப்பாக்கிச் சூடு என்ற சொல் என்னவென்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் அதில் உயிரிழந்தார்கள். அப்போது அந்தப் பையனுக்கு ஆறு வயது இருக்கும். முட்டை உடைவதைப் பார்த்து அவன் கொலைகாரன் ஆகிவிடுவான் என்று நான் சொல்லவரவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. என்னைத் தைத்தது வேறொன்று. ஆசகேல் விழுந்த இடத்தில் வந்தவர்கள் நின்றார்கள். மூன்று வாரம் நான் எங்கும் நிற்கவில்லை. விழுந்தால் எழுகிறோம், மறுபடி ஓடுகிறோம், விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் அந்த வீட்டு வாசலிலும் நான் நின்றேன். அந்தத் தாயார் கொடுத்த சாக்கில் ஏறி அடுத்த இடத்தில் எழுந்துகொண்டேன்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டியது கைகளையும் விலாவையும். காயங்கள் அங்கேயே இருந்தன. முட்டைக்கோ கீறல்கூட இல்லை. உயிர்த்தெழுதலின் திருநாளில் பிள்ளைகளுக்கு வண்ண முட்டை கொடுத்து நானே எத்தனை வருடம் பேசியிருக்கிறேன்! இதை ஒருநாளும் யோசித்ததில்லை.

வியாழக்கிழமை மாலை அந்த வீட்டுக்குப் போனேன். தாயார் திண்ணையில் உட்கார்ந்து சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லி, எதிரே உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் உதவவில்லை.

"அம்மா, அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தேன். போன் சத்தம் கேட்கக் கூடாதென்று அணைத்து வைத்திருந்தேன்."

சுளகு நின்றது. வெகுநேரம் அவர்கள் ஒன்றும் பேசவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் போனது. பிறகு, "என்ன வெளையாட்டு ஐயா?" என்று கேட்டார்கள்.

"சுடுகிற விளையாட்டு, அம்மா."

அவர்கள் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். உளுந்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கித் தூர எறிந்துவிட்டுச் சொன்னார்கள்:

"அவுக சிலோனுக்குப் போயிட்டு வந்த பொறவு கிறிஸ்மஸ் ராத்திரி வெடி போட்டா வீட்டுக்குள்ள இருக்கமாட்டாக. தொழுவுக்குப் போயி மாட்டுக் கழுத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிப்பாக. மாடு வெரளுது, அதான்னு சொல்லுவாக. மாடு வெரளாது ஐயா. அது பாட்டுக்கு வைக்கோல் தின்னுக்கிட்டு இருக்கும்."

இந்திய அமைதிப் படை இலங்கையில் இருந்தது 1987 முதல் 1990 வரை. பெரியவர் அங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறைகூட அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லியிருப்பாரா என்றும் தெரியாது. அந்தக் கடைசி இரவில் திருவிருந்துக்கு முன்பு சொல்ல ஏதாவது வைத்திருந்தாரோ என்று அந்தத் தாயாருக்கும் ஓர் எண்ணம் இருக்கிறது. அதை மிக மெதுவாகச் சொன்னார்கள். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. சாட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வீடு திரும்பும்போதுதான் அந்த விளையாட்டின் பெயர் எனக்கு உறைத்தது. ஷெல் என்றால் முட்டையின் ஓடு; பீரங்கிக் குண்டுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல். முதல் உலகப் போரில் குண்டுகளின் நடுவே கிடந்து, மேலே காயம் ஒன்றும் தெரியாமல், பேச்சும் உறக்கமும் குலைந்துபோன வீரர்களின் நிலையை ஷெல் ஷாக் என்றார்கள். ஆங்கிலேய மருத்துவர் சார்லஸ் மயர்ஸ் 1915-இல் லான்செட் மருத்துவ இதழில் அந்தப் பெயரில் எழுதினார். அந்தச் சொல்லை வைத்துத்தான் முட்டை விளையாட்டுக்குச் சிலேடையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கமாட்டார்கள். நூறு வருடம் ஆனபின் எந்தச் சொல்லும் வேடிக்கையாகிவிடுகிறது. தினமும் இரவு அந்தப் பெயர் என் கண் முன்னால் பெரிய எழுத்தில் நின்றது. இரண்டு தெரு தள்ளி அந்த மனிதர் படுத்திருந்தார்.

நேற்று அந்தப் பையனையும் பார்த்தேன். நேரத்தைப் பற்றி நான் அவனுக்குச் சொன்ன புத்தியை நானே கைக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அவன் அதற்கெல்லாம் அதிகம் அதிரவில்லை. "ஐயா என்ன பேரு வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். "பனையா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். காரணம் கேட்டும் சொல்லவில்லை. என்னைச் சுட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மண்டபத்தில் கேரம் பலகை போடலாமா என்று அவனே கேட்டான். பலகை இருக்கிறது, காய்கள் பாதி காணோம். யார் வீட்டிலாவது இருந்தால் கொடுத்து உதவுங்கள்.

தாயாரிடம் விடைபெறும்போது, வேறு ஏதாவது நான் செய்யவேண்டுமா என்று கேட்டேன். குருக்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். பெரும்பாலும் ஒன்றுமில்லை ஐயா, ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வரும். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. "சனிக்கெழம ராத்திரிதான் வீடு கெடக்க மாட்டேங்குது. அன்னைக்கி வாங்க" என்றார்கள்.

இன்று சனிக்கிழமை. நாளைய பிரசங்கக் குறிப்பை நேற்றே முடித்துவிட்டேன். ஏழரை மணிக்கு அங்கே இருக்கவேண்டும். வரும் வழியில் கடையில் நூறு கிராம் சுக்கு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள்.